எழுத விடாத ஃபோல்டர், எழுத விட்ட ஃபோல்டர்

கந்தர்மடத்திலிருந்து:

இறந்தவர்களின் 31ஆம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்களை நாங்கள் சில பேர் சேர்ந்து ஸ்கேன் செய்து வருகிறோம். வேறெங்கும் கிடைக்காத வம்சாவளிகள் அவற்றில் இருக்கின்றன. 1981இல் நூலகம் எரிந்த ஊர் இது. அதனால் படங்களை ஒரே கணினியில் விட எனக்கு மனமில்லை; மூலையில் இருக்கும் சேர்வருக்கு, ஃபோல்டர்களை வலையமைப்பில் பகிரும் சம்பா என்ற மென்பொருள் வழியாக, நேரே போகும்படி ஏற்பாடு செய்தேன்.

ஸ்கேனர் கணினியில் உபுண்டு லினக்ஸ். சூடோ போட்டு (நிர்வாகி அதிகாரத்தோடு) சேர்வரின் பகிர்வை ஒரு வெறும் ஃபோல்டரில் மவுண்ட் செய்ததும், அதாவது மாட்டியதும், பழைய படங்கள் எல்லாம் திறந்தன. புதிதாக ஒன்றைச் சேமிக்கப் போனால் மட்டும் ‘பெர்மிஷன் டினைட்’, அனுமதி இல்லை. எல்லோரும் எழுதலாம் என்று சிஎச்மோட் 777 கொடுத்தேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் திரும்பப் பார்த்தால் உரிமையாளர் மட்டும் எழுதலாம் என்ற 755 அப்படியே நிற்கிறது. மவுண்டைக் கழற்றி, வெறும் ஃபோல்டரை சிஎச்ஓன் போட்டு என் பெயருக்கு மாற்றிவிட்டு மறுபடி மாட்டினேன். அதற்கும் அசையவில்லை.

வழி காட்டியது ஒரு சின்னச் சோதனை. டச் கட்டளையால் ஒரு வெற்று ஃபைலை உருவாக்கிப் பார்த்தேன்: என் பெயரில் முடியவில்லை, சூடோவோடு முடிந்தது. அப்படியென்றால் சேர்வர் தடுக்கவில்லை, என் கணினிதான் தடுக்கிறது. சம்பா பகிர்வை லினக்ஸில் சிஐஎஃப்எஸ் என்ற வகையாக மாட்டும்போது உரிமையாளர் யார் என்பதை மவுண்ட் கட்டளையே முடிவு செய்துவிடுகிறது. நாம் சொல்லாவிட்டால் எல்லாம் ரூட்டின், அதாவது நிர்வாகியின், பெயரில் நிற்கும். எதை எங்கே மாட்டுவது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டாப் ஃபைலின் வரியில் என் பயனர் இலக்கத்தையும் குழு இலக்கத்தையும் யூஐடி=1000, ஜிஐடி=1000 என்று சேர்த்து மறுபடி மாட்டினேன். சரி, எழுதியது. அந்த டச் சோதனை என் பெயரிலும் சூடோவிலும் தோற்றிருந்தால் சேர்வர் பக்கம் போயிருப்பேன். சம்பாவில் ஒரு பகிர்வுக்கு எழுத அனுமதி நாமாகக் கொடுத்தால்தான் உண்டு.

இதை எழுத உட்கார்ந்ததன் காரணம் அதற்குப் பிறகு நடந்தது. ஒரு நாள் கரண்ட் போய் வந்தபோது கணினி முதலில் எழும்பிவிட்டது, சேர்வர் பிந்திவிட்டது. மவுண்ட் ஆகவில்லை. எஃப்எஸ்டாப்பில் நோஃபெயில் (மாட்ட முடியாவிட்டாலும் தொடங்கு) இருந்ததால் கணினி ஒன்றும் பேசாமல் தொடங்கியது. அந்த வெறும் ஃபோல்டரை என் பெயருக்கு மாற்றி வைத்திருந்தேன் அல்லவா? ஸ்கேன்கள் எல்லாம் அதற்குள், கணினியின் சொந்த டிஸ்கில், விழுந்துகொண்டிருந்தன. இரண்டு நாள் வேலை. மூன்றாம் நாள் மவுண்ட் ஆனதும் அவை கண்ணுக்குத் தெரியாமல் போயின. புத்தகங்களைத் தந்த அம்மா அவற்றை வாங்கிக்கொண்டு கனடாவுக்குத் திரும்பியிருந்தார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

விடியத்தான் யோசனை வந்தது. மவுண்டைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் அத்தனை படமும் இருந்தன.

இப்போது கழற்றிய நிலையில் அந்த வெற்று ஃபோல்டருக்கு எதுவும் மாற்ற முடியாதபடி பூட்டும் சிஎச்ஆட்டர் பிளஸ் ஐ போட்டு வைத்திருக்கிறேன். மவுண்ட் ஆகாவிட்டால் ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. மவுண்ட் ஆவதற்கு எந்தத் தடையும் இல்லை. ‘டினைட்’ என்று வந்தால் இப்போது எனக்கு நிம்மதிதான்.

சுன்னாகத்திலிருந்து:

அண்ணா, அந்த சூடோ சோதனை சம்பாவுக்குச் சரி. லினக்ஸ் கணினிகள் ஃபோல்டர் பகிரும் இன்னொரு முறையான என்எஃப்எஸ் என்றால் ஏமாற்றிவிடும். அங்கே ரூட் ஸ்குவாஷ் இயல்பாகவே இருப்பதால் ரூட்டாகப் போனாலும் சேர்வர் நம்மை ‘நோபடி’, அதாவது அதிகாரம் இல்லாத ஆள், ஆக்கிவிடும். சூடோவால் முடியவில்லை, சாதாரணப் பயனரால் முடிகிறது என்று தலைகீழாக வந்து நான் ஒரு பின்னேரம் முழுக்கக் குழம்பினேன்.

அப்புறம், என்எஃப்எஸ் வழக்கமாகப் பெயரைப் பார்ப்பதில்லை, இலக்கத்தைத்தான் பார்க்கிறது. ஒரே பெயர் ஒரு கணினியில் 1000, மற்றதில் 1001 என்றால் சேர்வருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். நாங்கள் எல்லாக் கணினியிலும் ஒரே இலக்கத்தில் ஒரு குழு உண்டாக்கி, குழுவும் எழுதலாம், புதியவையும் அதே குழுவில் சேரும் என்று ஃபோல்டருக்கு 2775 கொடுத்தோம். புதிய ஃபைல்களும் குழுவுக்குத் திறந்திருக்க உமாஸ்க் 002 வேண்டும்.

கந்தர்மடத்திலிருந்து:

தம்பி, இதை வாசித்த கையோடு எங்கள் இரண்டாவது கணினியில் ஐடி கட்டளை போட்டுப் பார்த்தேன். அதில் என் இலக்கம் 1001. எஃப்எஸ்டாப் வரியை முதல் கணினியிலிருந்து அப்படியே கொப்பி பண்ணியிருந்தேன், 1000 என்றே கிடக்கிறது. அடுத்த கிழமை அதில் ஸ்கேன் தொடங்க இருந்தோம். இப்போதே மாற்றிவிட்டேன்.