கிரீலில் ‘கோரிமா’ கேட்ட சிறுமி: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கரிவண்டி:
மெக்சிகோ மலையிலுள்ள கிரீல் போனவர்களுக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தண்டவாளம், அதையொட்டிக் கடைத்தெரு, எங்கும் விறகுப் புகை. அந்த மலைத்தடத்தில் ஓடும் ‘செப்பே’ ரயிலிலிருந்து மாலையில் இறங்கினேன். 2,300 மீட்டர் உயரத்துக் குளிரில் பல் கிட்டியது. கண்ணில் பட்ட முதல் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

முதல் வாய் வைப்பதற்குள் மேசையருகே ஒரு சிறுமி, அந்த மலையின் ராராமுரிப் பழங்குடி. பூப்போட்ட பாவாடை, முதுகில் துணியால் கட்டிய குழந்தை. கையை நீட்டவில்லை. “கோரிமா” என்றாள், அவ்வளவுதான். பிச்சை என்று நினைத்துத் தலையை ஆட்டி மறுத்தேன். நகரவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு தொர்த்தியா ரொட்டியை எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள். குழந்தை கவ்விக்கொண்டது. நன்றி சொல்லாமல் போய்விட்டாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன்.

மறுநாள் விடுதிக்காரர் சொன்னார்: கோரிமா என்பது பிச்சையல்ல, பங்கு. இருப்பவர் இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டியது. வாங்குபவருக்குக் கூச்சமும் இல்லை, கடனும் இல்லை. அன்று என் தட்டில் இன்னும் ஐந்து தொர்த்தியா இருந்தன.

தண்டவாளப்பித்தன்:
நீங்கள் சொல்வது பாதிதான். மழை பொய்த்து மக்காச்சோளம் விளையாவிட்டால் பிள்ளைகளோடு ஊருக்கு வந்துவிடுகிறார்கள். பசிக்குப் பண்பாடு என்று பெயர் சூட்டாதீர்கள். விடுதிக்காரர்கள் இந்தக் கதையை எல்லாப் பயணிகளுக்கும் சொல்வார்கள்.

எனக்கு நடந்தது அதே தடத்திலுள்ள திவிசாதெரோ நிலையத்தில். ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். கீழே காப்பர் கேன்யன் பள்ளத்தாக்கு, மேலே எண்ணெய்ப் பீப்பாய் அடுப்பில் கோர்தித்தா என்ற தடித்த அடைத்த ரொட்டி. படிக்கட்டில் ஒரு பெண் பைன் ஊசியிலையில் கூடை பின்னிக்கொண்டிருந்தார். பாதி விலைக்குக் கேட்டேன். நிமிரக்கூட இல்லை. என் கையிலிருந்த கூடையை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த இலையைக் கோத்தார். பிசின் வாசம் விரலில் ஒட்டியிருந்தது.

இரண்டாம்வகுப்பு:
என் கதை சின்னது. கிரீலுக்குப் பக்கத்து அரரேகோ ஏரிக்கரையில் ஒரு ராராமுரிப் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன், மரக்கட்டையாக நின்றார். அவர்கள் வழக்கம் விரல் நுனியை விரல் நுனியால் மெல்லத் தொடுவதோடு சரி.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கிரீலில் இரண்டு இரவாவது தங்குங்கள். ஏரி சில கிலோமீட்டர்தான், சைக்கிள் போதும். கோடையானாலும் கம்பளிச் சட்டை வேண்டும். சில்லறை பெசோ வைத்திருங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். முகத்தைத் திருப்பினால் அதுதான் பதில். அவர்கள் மொழியில் “குய்ரா” என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள். ரயில், 1961-இல் முடித்த பாதை, எண்பதுக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகள். பகல் வண்டியாகப் பார்த்து ஏறாவிட்டால் டிக்கெட் காசு வீண். கூடைக்குப் பேரமே கூடாது, பித்தன். ஒன்று பின்ன எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?

கரிவண்டி:
பித்தன், கடைசியில் கூடையை என்ன விலைக்கு வாங்கினீர்கள்?

தண்டவாளப்பித்தன்:
வாங்கவில்லை. ரயில் ஊதிவிட்டது.