‘தீவு மூழ்கினது சூட்டாலயா?’: காலநிலை மாற்றம் பற்றி மக்கள் கேட்ட கேள்விகள் (அனுபவப் பகிர்வு)

ராமநாதபுரத்திலிருந்து

காலநிலை மாற்றம் பற்றி ஊர்களிலும் பள்ளிகளிலும் பேசப் போகும் நண்பர்கள், அங்கே உங்களை மடக்கிய கேள்விகளை இங்கே எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் பாசி எடுக்கும் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தோம். பாறை கையைக் கிழித்துவிடும் என்பதால் கடலில் இறங்கும் முன் ஒவ்வொரு விரலிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொள்வார்கள். அப்படிச் சுற்றிக்கொண்டே ஓர் அக்கா கேட்டார்: “ஏந்தம்பி, ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போச்சே, அது நீங்க சொல்ற சூட்டாலயா?”

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று கடலுக்கு மேலே இல்லை. “ஆமாம், கடல் மட்டம் ஏறினதால்தான்” என்று சொல்லியிருந்தால் கூட்டம் தலையாட்டியிருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. பல்லாண்டுகளாகச் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டினார்கள். அலையின் வேகத்தைத் தடுத்து நின்ற அந்தப் பாறை (ஊரில் ‘பார்’ என்பார்கள்) போனதும் தீவின் மணல் அரிக்கத் தொடங்கியது. உலக அளவில் 1901 முதல் 2018 வரை கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஏற்கெனவே அரணை இழந்த தீவின் மேல் அந்தச் சுமையும் வந்து சேர்ந்தது. இதைச் சொன்னதும், “எங்க மாமனார் காலத்துல வத்தை வத்தையா கல்லு ஏத்துவாங்க, நான் பாத்திருக்கேன்” என்றார் அந்த அக்கா. வத்தை என்றால் படகு.

அடுத்த கேள்வியும் அவருடையதுதான். “இப்பத்தான் யாரும் கல்லு வெட்டறதில்லையே, அப்புறம் ஏன் பாரு வெளுத்துக் கிடக்கு?”

இதற்குப் பதில் சூடுதான். பவள உயிரிகளின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. பவளத்துக்கு நிறமும் பெரும்பங்கு உணவும் அவற்றால்தான். தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால் பவளம் அந்தப் பாசிகளை வெளியே தள்ளிவிட்டு வெள்ளையாகிவிடுகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். நம் வளைகுடாவில் 2010லும் 2016லும் பெரிய அளவில் இது நடந்தது. பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. கரையில் நிற்கும் நமக்குத் தெரிவதற்கு முன்பே கடலுக்குள் இறங்கும் அந்தப் பெண்களுக்கு அது தெரிந்துவிடுகிறது.

கண்ணில் படும் சேதத்தையெல்லாம் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டினால், பக்கத்திலேயே கல் வெட்டியவர் தப்பித்துவிடுவார். எல்லாமே உள்ளூர்த் தப்பு என்றால், கரியும் எண்ணெயும் எரித்துப் பணம் பார்த்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். எது எதனால் என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து

அண்ணா, நீங்கள் சொல்வதை அப்படியே வயலிலும் பார்க்கலாம். எங்கள் பெரியப்பாவுக்கு நெல்தான் உலகம். போன குறுவையில் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். மணி பிடிக்காத கருக்காய் பறந்தது போக மிஞ்சியது கொஞ்சம்தான். “ராத்திரி புழுக்கத்துக்கும் இதுக்கும் தொடர்பு உண்டாப்பா?” என்று கேட்டார். நோய், பூச்சி, தண்ணீர் தட்டுப்பாடு எல்லாமே கருக்காய்க்குக் காரணமாகலாம் என்பது அவருக்கே தெரியும். இரவைப் பற்றித்தான் அவர் கேள்வி.

தொடர்பு உண்டு. பயிர் பகலில் சேர்த்த மாவுச்சத்தில் ஒரு பங்கை இரவில் சுவாசித்தே செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும், மணிக்குப் போவது குறையும். பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களில் கிடைத்த தரவுகளை வைத்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடும்போது விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக அது சொன்னது. நம் ரகத்துக்கும் மண்ணுக்கும் அதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை, போக்கு எந்தப் பக்கம் என்பதை மட்டும் சொன்னேன்.

உடனே அவர், “வெயிலும் மழையும் எந்தக் காலத்துல மாறாம இருந்துச்சு? இது மனுஷன் பண்ணினதுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார். எல்லா ஊரிலும் வரும் கேள்வி இது. நான் கார்பன்-14 கதையைச் சொல்வேன். அது காலப்போக்கில் தானாகவே சிதைந்துபோகும் ஒரு வகைக் கார்பன். உயிருள்ள மரத்தில் அது கொஞ்சம் இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் சிதைந்து தீர்ந்துபோயிருக்கும். அந்தக் கரியை எரித்துக் காற்றில் கலந்தால் காற்றிலும் அதன் பங்கு குறைய வேண்டும் அல்லவா? மர வளையங்களில் அந்தக் குறைவை ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி 1955இலேயே எடுத்துக் காட்டினார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த, வெப்பத்தைப் பிடித்து வைக்கும் கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடிய பங்கு எங்கிருந்து வந்தது என்று அதன் கார்பனே காட்டிக்கொடுக்கிறது.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நான் எரிச்சது ஒரு மோட்டாருக்கு டீசல், அவ்வளவுதானே” என்றார். அது நியாயமான கோபம். ஆளுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பார்த்தால் இந்தியரின் கரியமில வாயுக் கணக்கு சுமார் 2 டன், அமெரிக்கருக்குச் சுமார் 14 டன். 2021 ஜனவரியில் பொங்கல் சமயத்தில் பெய்த மழையில் டெல்டாவின் சம்பாக் கதிர்கள் சாய்ந்து வயலிலேயே முளைவிட்டன. அந்த நஷ்டத்தைச் சுமந்தவர்கள் இந்த 2 டன் ஆட்கள்தான்.

தூத்துக்குடியிலிருந்து

நான் பள்ளி ஆசிரியை. எங்கள் பிள்ளைகள் பலருக்கும் ‘ஓசோனில் ஓட்டை, அதன் வழியா வெயில் உள்ளே வருது, அதனால்தான் சூடு’ என்ற எண்ணம் இருக்கிறது. அது வேறு பிரச்சினை. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த வாயுக்களால் வந்தது, 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு மெல்ல ஆறி வருகிறது. உலகம் ஒன்றாகச் செயல்பட்டால் நடக்கும் என்பதற்கு அதையே உதாரணமாகவும் சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, “மிஸ், பூமி சூடானா வறட்சிதானே வரணும், எங்க வீட்டுக்குள்ள ஏன் இவ்ளோ தண்ணி?” என்றாள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது, எங்கள் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும், பெய்யாத இடத்தில் மண்ணின் ஈரத்தையும் அதே காற்று உறிஞ்சும் என்றேன். முன் பெஞ்சுப் பையன் விடவில்லை: “குளம் உடைஞ்சதாலதானே மிஸ் எங்க தெருவுக்குத் தண்ணி வந்துச்சு?” அவன் சொன்னதும் சரிதான். எங்கள் மாவட்டத்தில் அப்போது குளங்கள் பல உடைந்தன. மழை எவ்வளவு பெய்தது என்பது ஒரு கேள்வி, அந்த மழை எங்கே நின்றிருக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி என்று கரும்பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதினேன். இரண்டாவது பட்டியலைப் பிள்ளைகளே நிரப்பினார்கள்: தூர்ந்த வாய்க்கால், பலவீனமான கரை, மடை மேல் கட்டிய கடை.

ராமநாதபுரத்திலிருந்து

டீச்சர், அந்தக் கரும்பலகைப் பட்டியலைப் படம் எடுத்திருந்தால் இங்கே போடுங்கள். அடுத்த கூட்டத்தில் காட்ட வேண்டும். ‘மரம் நட்டால் போதாதா?’ என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல யாருக்காவது நல்ல வழி கிடைத்திருந்தால் அதையும் எழுதுங்கள். மரம் வேண்டும்தான். ஆனால் கரி எரிப்பது குறையாமல் மரத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது என்பதை யார் மனமும் நோகாமல் சொல்ல நான் இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.