வகுப்பைப் போனில் பதிவு செய்தால் பாதியில் சத்தமே இல்லை. பார்வை குறைந்த மாணவருக்கு என்ன செய்யலாம்?

பொருளியல்_டீச்சர்:
வணக்கம். அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் எடுக்கிறேன். இரண்டாம் ஆண்டு பி.ஏ. வகுப்பில் பார்வை மிகவும் குறைந்த மாணவர் ஒருவர் இருக்கிறார். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கரும்பலகையில் எழுதுவது அவருக்குத் தெரியாது. நண்பர்களின் நோட்டை வாங்கிப் போவார், வீட்டில் தம்பி வாசித்துக் காட்டுவான். இதுவரை அப்படித்தான் படித்து வந்திருக்கிறார். தேர்வு நெருங்கினால் நோட்டு கிடைக்காது. கொடுப்பவர்களுக்கும் படிக்க வேண்டுமே.

அதனால் இந்தப் பருவத்திலிருந்து வகுப்பை அவருடைய போனிலேயே பதிவு செய்கிறோம். ஆனால் பாதிக்குப் பாதி பதிவுகள் உதவுவதில்லை. சில நாள் ஐம்பது நிமிட வகுப்பில் பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் பதிவாகிறது. சில நாள் கோப்பு முழு நீளம் இருக்கிறது, ஆனால் நடுவில் பெரிய பகுதி சுத்த நிசப்தம், ஃபேன் இரைச்சல்கூட இல்லை. மற்ற நாள்களில் என் குரல் அமுங்கிப்போய், கூடவே கரகரவென்று உரசும் சத்தம்.

வெளிநாட்டில் இருக்கும் அவருடைய மாமா, எழுதும்போதே பதிவு செய்யும் ஸ்மார்ட் பேனா வாங்கித் தருவதாகச் சொல்கிறாராம். வாங்கச் சொல்லலாமா? இன்னொன்று, சக ஆசிரியர்கள் சிலர் தங்கள் வகுப்பைப் பதிவு செய்யக் கூடாது என்கிறார்கள். இந்தப் பையன் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரன். பலகை தெரியாத ஒரே காரணத்தால் பின்தங்குவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலிக்கூடம்_மதுரை:
மேடம், நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே கோளாறு மாதிரித் தெரியவில்லை. கொஞ்சம் விவரம் வேண்டும். போனில் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு? பதிவு ஓடும்போது வேறு செயலி எதையாவது திறக்கிறாரா? காதில் இயர்போன் இருக்கிறதா?

பொருளியல்_டீச்சர்:
ஆண்ட்ராய்டு 11 சார். திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் போட்டிருக்கிறார், அது வகுப்பில் கேட்காமல் இருக்க ஒரு காதில் ஒயர் இயர்போன். இடையிடையே பேச்சை எழுத்தாக மாற்றும் செயலி ஒன்றைத் திறந்து, பெரிய எழுத்தில் வருகிறதா என்று பார்ப்பாராம். போன் சட்டைப் பையிலோ மடியிலோ இருக்கும்.

ஒலிக்கூடம்_மதுரை:
இப்போது விளங்கிவிட்டது.

நடுவில் வரும் நிசப்தத்துக்கு அந்த எழுத்தாக்கும் செயலிதான் காரணம். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து இரண்டு சாதாரண செயலிகள் ஒரே நேரத்தில் மைக்கை எடுத்தால், திரையில் முன்னால் இருப்பதற்குத்தான் சத்தம் போகும். பின்னால் ஓடும் ரெக்கார்டர் நிற்காது, எச்சரிக்கையும் தராது. வெறும் மௌனத்தைப் பதிந்துகொண்டே போகும். ஃபேன் இரைச்சல்கூட இல்லை என்று எழுதினீர்களே, அதை வைத்துத்தான் சொல்கிறேன். மைக் மோசமாக இருந்தால் இரைச்சலாவது விழும். ஆகவே பதிவு ஓடும்போது அந்தச் செயலி வேண்டாம்.

கோப்பு பத்து நிமிடத்தில் முடிவது பேட்டரி சேமிப்பின் வேலை. திரை அணைந்ததும் பின்னால் ஓடும் செயலியைச் சில போன்கள் தாமாகவே மூடிவிடும். அமைப்புகளில் பேட்டரி பகுதிக்குப் போய், ரெக்கார்டர் செயலிக்கு மட்டும் அந்தச் சேமிப்பை நீக்குங்கள். அழைப்பு வந்தாலும் பதிவு நின்றுபோகலாம், அதனால் வகுப்பு தொடங்கும்போது விமானப் பயன்முறை. செயலிக்குள் ‘மௌனத்தைத் தவிர்’ என்ற வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். நீங்கள் மெதுவாகப் பேசும் இடங்களையும் மௌனம் என்று நினைத்து வெட்டிவிடும்.

கரகரப்பு இயர்போனால் வருவது. மைக் உள்ள ஒயர் இயர்போனைச் செருகினால், போன் பெரும்பாலும் தன் மைக்கை விட்டுவிட்டு ஒயரில் இருக்கும் மைக்கை எடுத்துக்கொள்ளும். அது சட்டையில் உரசுகிறது.

செலவே இல்லாத வழி: வகுப்பு தொடங்கும்போது அவர் பதிவை ஆரம்பித்து, இயர்போனைக் கழற்றிவிட்டு, போனை உங்கள் மேசையில் வைத்துவிடட்டும். அடியில் மடித்த கைக்குட்டை போடுங்கள், இல்லாவிட்டால் சாக்பீஸ் டப்பாவை வைக்கிற சத்தமெல்லாம் இடியாக விழும். ஃபேன் காற்று நேராக மைக்கில் அடிக்காத இடமாகப் பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் குரல் 6 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர் எதிரொலி இருப்பதால் அவ்வளவு குறையாது, ஆனால் எதிரொலியே சொற்களைக் குழப்பும். மைக் பக்கத்தில் இருப்பதற்கு ஈடாக எந்த மென்பொருளும் கிடையாது.

சேமிக்கும்போது ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 64 கிலோபிட் போதும். ஐம்பது நிமிடம் சுமார் 24 எம்.பி.தான் ஆகும். அதையே சுருக்காத வேவ் கோப்பாக, சிடி தரத்தில் வைத்தால் ஒற்றைத் தடத்துக்கே சுமார் 265 எம்.பி., போன் சீக்கிரம் நிறைந்துவிடும்.

கேட்டுப்_படித்தவன்:
வணக்கம் மேடம். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. எம்.ஏ. வரை பதிவுகளைக் கேட்டுத்தான் படித்தேன். ஒலிக்கூடம் சார் சொன்னதைச் செய்தால் தெளிவான பதிவு கிடைக்கும். ஆனால் அந்தத் தெளிவான பதிவில், “இந்தக் கோடு இங்கிருந்து இப்படி நகரும், பார்த்தீங்களா?” என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் அந்த மாணவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது. என் கல்லூரி நாள்களில் கெட்டுப்போன பதிவைவிட இதுதான் என்னை அதிகம் வாட்டியது. குரல் தெளிவாகக் கேட்கும், பாடம் மட்டும் இருக்காது.

உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். “விலை பத்து ரூபாயிலிருந்து எட்டு ரூபாயாகக் குறைந்தால், அதே தேவைக் கோட்டின் மேலேயே புள்ளி கீழே வலப்பக்கமாக இறங்குகிறது. விலை மாறாமல் மக்களின் வருமானம் கூடினால், சாதாரணப் பண்டங்களுக்குக் கோடு முழுவதுமே வலப்பக்கம் தள்ளிப் போகிறது.” இப்படிச் சொல்லிவிட்டால் படம் தேவையே இல்லை. பார்வை உள்ள மாணவர்களுக்கும் அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் நன்றாகப் பதியும். எழுதும்போதே எழுதுவதை வாயாலும் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது நேரம். தினமும் ஐந்து வகுப்பு பதிவானால், வீட்டுக்குப் போய் மறுபடி ஐந்து வகுப்பு கேட்க யாரால் முடியும்? டாக்பேக் பழகியவர்கள் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் கேட்போம், இருந்தாலும் பாரம்தான். புதிய தலைப்புக்குப் போகும்போதெல்லாம் மணியைச் சொல்லுங்கள்: “மணி பத்து நாற்பது, அடுத்து விலை நெகிழ்ச்சி.” கடைசி இரண்டு நிமிடத்தில், இன்று என்னென்ன பார்த்தோம், எந்தெந்த மணிக்கு என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். அவர் முதலில் கோப்பின் கடைசியைக் கேட்பார், தேவையான இடத்துக்கு நேராகப் போவார். வீட்டில் அரைப் பக்கக் குறிப்பைத் தானே தட்டச்சு செய்துகொள்ளட்டும். அந்தக் குறிப்புதான் தேர்வுக்கு முந்தின நாள் உதவும்.

கணினி_ராகவி:
ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்ற மென்பொருள் தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கும். இலவசம், இணையம் இல்லாமலே கணினியில் ஓடும். பதிவை அதில் போட்டால் குறிப்பு தானாக வந்துவிடுமே?

கேட்டுப்_படித்தவன்:
ராகவி, நானும் பயன்படுத்துகிறேன், நல்ல கருவிதான். ஆனால் நம் வகுப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்துதானே ஓடும்? கலைச்சொற்களில் அடிக்கடி தடுமாறும். பேச்சில்லாத இடங்களில் யாரும் சொல்லாத வாக்கியத்தை இட்டு நிரப்புவதும் உண்டு. பலகையையும் பார்க்க முடியாத, பக்கத்து நோட்டோடு ஒப்பிடவும் முடியாத மாணவர் அதை நம்பிப் படித்தால் ஆபத்து. எந்த நிமிடத்தில் எது வருகிறது என்று தேட வைத்துக்கொள்ளலாம். படிப்பதற்கு ஒலிதான் மூலம்.

சிறப்பாசிரியர்_திருச்சி:
மேடம், பேனாவைப் பற்றி முதலில். லைவ்ஸ்கிரைப் போன்ற பேனாக்களில் முனைக்கு அருகே சின்னக் கேமரா இருக்கும். நுண்ணிய புள்ளிகள் அச்சிட்ட தனித் தாளில் எழுத வேண்டும். பிறகு எழுதிய சொல்லின் மேல் பேனாவை வைத்தால், அதை எழுதிய நேரத்தில் ஆசிரியர் பேசியது ஒலிக்கும். கற்றல் குறைபாட்டால் மெதுவாக எழுதுகிற, ஆனால் தாளைப் பார்க்க முடிகிற பிள்ளைகளுக்கு அருமையான கருவி. இரண்டு சொல் கிறுக்கி வைத்தால் போதும், மீதியைப் பேனா நினைவு வைத்திருக்கும். உங்கள் மாணவருக்குப் பொருந்தாது. தன் எழுத்தையே தேடிப் பிடித்து முனையை வைக்க வேண்டுமே. மாமாவிடம், கைக்குத் தட்டுப்படும் பொத்தான்கள் உள்ள சாதாரண ரெக்கார்டர் கேளுங்கள். சோனியின் ஐசிடி வரிசையில் சிலவற்றில், பதிவு ஓடும்போதே அழுத்திக் குறியிட டி-மார்க் என்ற பொத்தான் உண்டு. பிறகு குறியிலிருந்து குறிக்குத் தாவலாம். ரெக்கார்டர் மேசையில் இருந்தால் போனும் அவர் கையிலேயே இருக்கும்.

சக ஆசிரியர்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனங்கள் மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. ஒலிப்பதிவு என்று அதில் தனியாகக் குறிப்பிடவில்லை. ஆனால் பலகை தெரியாத மாணவருக்கு இதைவிட நியாயமான, செலவு குறைந்த வசதி எது? மாணவர் பெயரில் முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் கொடுக்கச் செய்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஆசிரியர்களின் தயக்கத்தையும் மதிக்க வேண்டும். பதிவு வாட்ஸாப்பில் சுற்றுமோ என்பதுதான் பெரும்பாலோர் பயம். ‘என் படிப்புக்கு மட்டும், யாருக்கும் அனுப்ப மாட்டேன், பருவத் தேர்வு முடிவு வந்ததும் அழித்துவிடுவேன்’ என்று மாணவர் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். மற்ற மாணவர்களின் குரலும் விழும் என்பதால் வகுப்பிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். யாராவது சொந்த விஷயம் பேச வந்தால் பதிவை நிறுத்திவிடலாம். அப்படியும் சம்மதிக்காதவர்களிடம் சண்டை வேண்டாம். வகுப்புக் குறிப்பை முன்கூட்டியே கோப்பாகத் தரச் சொல்லுங்கள். படமாக இல்லாமல் யூனிகோடு எழுத்தாக இருந்தால் டாக்பேக் வாசித்துவிடும்.

பொருளியல்_டீச்சர்:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மேசை மேல் போன், விமானப் பயன்முறை, பேட்டரி அமைப்பு எல்லாம் செய்தாயிற்று. இப்போது பதிவு முழுதாக வருகிறது, கரகரப்பு போய்விட்டது. முதல்வர் அனுமதி கொடுத்துவிட்டார். பதிவு வேண்டாம் என்ற ஆசிரியர்களில் ஒருவர் குறிப்பை முன்னதாகவே அனுப்பத் தொடங்கியிருக்கிறார். மணியைச் சொல்வது வகுப்பில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது, மற்ற பிள்ளைகளும் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்கிறார்கள்.

ஒரு இடத்தில்தான் தடுக்கிறது. புள்ளியியல் தாளும் நான்தான் எடுக்கிறேன். சூத்திரங்களை வாயால் சொன்னால் அவருக்குக் குழம்புகிறது. எப்படிச் சொல்வது?

கேட்டுப்_படித்தவன்:
நல்ல கேள்வி மேடம். “சிக்மா எக்ஸ் ஸ்கொயர்” என்று மட்டும் சொன்னால் காதுக்கு இரண்டு அர்த்தம். ஒவ்வொரு எக்ஸையும் வர்க்கப்படுத்திப் பிறகு கூட்டுவதா, எல்லா எக்ஸையும் கூட்டிப் பிறகு வர்க்கப்படுத்துவதா? திட்டவிலக்கச் சூத்திரத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். அதனால் எழுத்தை வாசிக்காமல் செயலைச் சொல்லுங்கள்: “ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, பிறகு கூட்டு.” பின்னம் வந்தால் “தொகுதி தொடக்கம்”, “தொகுதி முடிவு, பகுதி தொடக்கம்”, “பகுதி முடிவு”. அடைப்புக்குறிக்கும் அப்படியே. வர்க்கமூலம் எதுவரை போகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

வரைபடங்களுக்கு, கெட்டி அட்டையில் அச்சுகளுக்கு ஒரு கனமான நூலும் கோட்டுக்கு மெல்லிய நூலுமாகப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்துப் பாருங்கள். விரலால் தடவிக்கொண்டே உங்கள் பதிவைக் கேட்பார். முதலில் தேவை, அளிப்பு கோடுகள் இரண்டையும் செய்யுங்கள், மீதியை அவரே கேட்பார்.