திங்கட்கிழமை கேட்டால் செவ்வாய்க்கிழமை வருகிறது

மாஹேபூர்க்காரன்:
மொரீஷியஸில், எங்கள் ஊர் மாஹேபூரின் திங்கட்கிழமைச் சந்தையில் அம்மா அச்சார் (ஊறுகாய்) விற்கிறார். வாரம் முழுவதும் தொலைபேசியில் ஆர்டர் வரும். ரசீதில் அடுத்த திங்கட்கிழமையின் தேதி அச்சாக வேண்டும். தரவுத்தளம் எஸ்.க்யூ.எல். சர்வர். அதன் டேட்பார்ட் என்ற செயற்கூறு தரும் கிழமை எண்ணை 9-இலிருந்து கழித்து, 7-ஆல் வகுத்த மீதியைத் தேதியோடு கூட்டுகிறேன். என் மடிக்கணினியில் ஒருமுறைகூடப் பிசகியதில்லை. கடைக் கணினியிலோ, 12 மார்ச் 2026, வியாழன், தேசிய தினத்தன்று வந்த ஆர்டருக்கு 16 என்பதற்குப் பதிலாக 17 என்று அச்சடித்துவிட்டது. பாவம், ஒரு பாட்டி ரோஸ் பெல்லிலிருந்து பஸ் ஏறி வந்து, கடை இல்லாததைக் கண்டு வீடு தேடி வந்தார். அன்றிலிருந்து அம்மாவுக்கு நான் "கிழமை தெரியாத கணினிக்காரன்".

டர்பன் தம்பி:
கடைக் கணினியின் லாகின் மொழி பிரெஞ்சுதானே? வாரம் எந்த நாளில் தொடங்கும் என்று சொல்லும் டேட்ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு அந்த மொழியைப் பொறுத்து மாறும். அமெரிக்க ஆங்கிலத்தில் டேட்ஃபர்ஸ்ட் 7. வாரம் ஞாயிறில் தொடங்கும், வியாழன் 5. பிரெஞ்சில் அது 1. வாரம் திங்களில் தொடங்கும், வியாழன் 4. உங்கள் 9-இலிருந்து 4 போனால் 5 நாள். செவ்வாய் வந்து நிற்கும். வினவலுக்கு முன் டேட்ஃபர்ஸ்ட்டை 7 என்று அமைத்துவிடுங்கள்.

பழைய கணக்கர்:
அது ஒட்டுப்போடும் வேலை, தம்பி. நாளை வேறொரு நிரல் அந்த வரியை மறந்தால் பாட்டி மறுபடியும் பஸ் ஏறுவார். அந்த சர்வரில் 0 என்ற தேதி 1 ஜனவரி 1900, அது திங்கட்கிழமை. அன்றிலிருந்து ஆர்டர் தேதிவரை எத்தனை நாள் என்று, இடைவெளியை எண்ணித் தரும் டேட்டிஃப் செயற்கூறிடம் கேட்டு, 7-ஆல் வகுங்கள். மீதி 0 என்றால் திங்கள், 3 என்றால் வியாழன். எந்த மொழியில் நுழைந்தாலும் மாறாது. அந்த மீதியை 7-இலிருந்து கழித்துக் கூட்டினால் போதும். மைஎஸ்க்யூஎல் என்ற வேறு தரவுத்தளத்துக்கு மாறினால், கிழமை எண் தரும் வீக்டே, டேஆஃப்வீக் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: முன்னதில் திங்கள் 0, பின்னதில் ஞாயிறு 1.

மாஹேபூர்க்காரன்:
பிரெஞ்சேதான், அண்ணா! மாற்றிவிட்டேன், 16 வந்துவிட்டது. ஆனால் திங்கட்கிழமையே ஆர்டர் கொடுத்தால் மீதி 0. 7 நாள் தள்ளிப்போகிறதே?

பழைய கணக்கர்:
அன்றைக்கே வேண்டுமென்றால், கழித்து வந்ததை மீண்டும் 7-ஆல் வகுத்து மீதியை எடுங்கள். 7 என்பது 0 ஆகிவிடும். அன்றைக்கா, அடுத்த வாரமா என்பதை அம்மாவிடம் கேளுங்கள்.

மாஹேபூர்க்காரன்:
கேட்டேன். "மதியத்துக்கு முன்னால் சொன்னால் இன்றைக்கு, அப்புறம் சொன்னால் அடுத்த வாரம்" என்கிறார். இனி மணியையும் பார்த்து எழுத வேண்டும்.