மறு: மறு: லேர்னிங் சிட்டிக்குத் தமிழ் – கல்வி நகரமா, கற்றல் நகரமா, கற்கும் நகரமா?

எல்லாருக்கும் வணக்கம். யுனெஸ்கோ 'லேர்னிங் சிட்டி' எண்டு சொல்லுறதுக்கு, அதாவது எல்லா வயசுக்காரரும் வாழ்நாள் முழுக்கப் படிக்க வழி செய்யிற நகரத்துக்கு, எங்கட சொற்தொகுதியில என்ன தமிழ் போடுறது எண்டதுதான் கதை; நான் 'கற்கும் நகரம்' எண்டு நிக்கிறன். இழை நீண்டு போச்சு, அதால பழைய மடலெல்லாம் வெட்டிப்போட்டு நான் பதில் சொல்ல வேண்டிய வரிகள மட்டும் வச்சிரிக்கன்.

> 'கற்றல் நகரம்'னே வச்சிடலாமே சார், எல்லாருக்கும் புரியுமே, எதுக்கு இவ்ளோ யோசனை?

சென்னையில இருந்து பாக்கக்க இது லேசாத்தான் தெரியும், ஆனா மட்டக்களப்பில கற்றல் எண்ட சொல்ல வாத்திமார் எப்பவோ எடுத்துக்கொண்டு போயிட்டாங்க. கற்றல் பேறு, கற்றல் சாதனம், கற்றல் கற்பித்தல் செயற்பாடு எண்டு ஆசிரியர் வழிகாட்டி முழுக்க அந்தச் சொல்தான். மாநகர சபைக்கு 'கற்றல் நகரம்' எண்டு ஒரு கடிதம் போச்செண்டா 'இது எங்கட விடயம் இல்ல, வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்க' எண்டு ஓரத்தில எழுதித் திருப்பி விடுவாங்க, வலயத்தில அது ஆரம்பக் கல்வி மேசையில போய்க் கிடக்கும். ஆனா யுனெஸ்கோ வலையமைப்பில சேருறதெண்டா விண்ணப்பத்துக்குப் பொறுப்பு நிக்க வேண்டியது மேயர், அதுக்கு மேல நாட்டு யுனெஸ்கோ தேசிய ஆணைக்குழு ஒப்புதல் குடுக்கணும், பள்ளிக்கூடமோ அதிபரோ இல்ல. ஆர் செய்யவேண்டிய வேலையோ அவர் தன்ர வேலை எண்டு நினைக்கிறமாதிரி பேர் இருக்கணும், எனக்கு இதான் முதல் கணக்கு.

'கல்வி நகரம்' அதவிட மோசம். ஒரு செயலமர்வில மூண்டு மொழியிலயும் பெனர் கட்டியிருந்தாங்க, தமிழில 'கல்வி நகரத்தை நோக்கி' எண்டு. தேத்தண்ணி நேரம் படுவான்கரைப் பக்கமிருந்து வந்த ஒரு ஐயா கிட்ட வந்து 'மனே, இன்னொரு கெம்பஸ் வருதா, காணி எந்த இடத்தில எடுக்கிறாங்க' எண்டு மெதுவாக் கேட்டார். அவர்ல என்ன பிழை, கல்வி நகரம் எண்டா டியூட்டரியும் ஹொஸ்டலும் நிறைஞ்ச டவுண் எண்டுதானே எவருக்கும் படும், வந்தாறுமூலையில கெம்பஸ் வந்த பிறகு அந்த றோட்டோரம் போடிங்கும் போட்டோகொப்பிக் கடையும் முளைச்சத அவரும் பாத்தவர்தானே.

யுனெஸ்கோ சொல்லுற கருத்து வேற. அடிப்படைக் கல்வியில இருந்து உயர்கல்வி வரைக்கும் எல்லாரையும் சேத்துக்கொள்ளுறது அதில ஒரு பகுதி மட்டும்தான், மிச்சம் குடும்பத்துக்குள்ளயும் ஊருக்குள்ளயும் நடக்கிற படிப்ப உயிர்ப்பிக்கிறது, வேலைத்தலத்தில படிக்க வழி செய்யிறது, புதுத் தொழில்நுட்பத்த அதுக்குப் பாவிக்கிறது, தரத்த உயத்துறது, வாழ்நாள் முழுக்கப் படிக்கிற ஒரு பழக்கத்த வளக்கிறது, இவ்வளவுக்கும் நகரம் தன்னட்ட உள்ள எல்லாத் துறை வளத்தையும் இறக்கணும். அதாவது சுகாதாரப் பகுதி, நூலகம், கடற்றொழில் சங்கம், மாதர் சங்கம் எல்லாம் உள்ளுக்கு. 2013 ஒக்டோபர் பெய்ஜிங் மாநாட்டில வந்த பிரகடனம் இதத்தான் சொல்லுது. நடத்துறது ஹம்பேர்க்கில உள்ள யுனெஸ்கோவின்ர வாழ்நாள் கற்றல் நிறுவகம்.

இனி 'கற்கும்' ஏன் எண்ட கதை. நிறையப் பேர் கவனிக்காத ஒண்டு, உலகத்தில இந்த விசயத்துக்கு ஒண்டில்ல, ரெண்டு மூண்டு வலையமைப்பு இரிக்கி, அதுகள்ர பேரும் வேற, பிறப்பும் வேற. 1973ல பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு ஏழு நகரத்தக் கூப்பிட்டுக் கல்வித் திட்டம் போடச் சொன்னது, அடிலெய்ட், எடின்பரோ, வியன்னா, யப்பானில ககேகவா எல்லாம் அதுக்குள்ள. அப்ப வச்ச பேர் 'எஜுகேட்டிங் சிட்டி'. மறுகா 1990ல பார்சிலோனாவில ஒரு மாநாடு, ஒரு சாசனம், 1994ல போலோஞாவில அத ஒரு சர்வதேச சங்கமாவே ஆக்கினாங்க, அது இண்டைக்கும் தனியா ஓடுது. அவங்கட பேச்சு நகரம் தன்ர ஆக்களுக்குக் கற்பிக்குது எண்டது, தெருவும் பூங்காவும் நகர சபையின்ர ஒவ்வொரு முடிவும் ஒரு பாடம் எண்டது. யுனெஸ்கோக்காரன்ர பேச்சு நகரம் கற்குது எண்டது. ரெண்டுக்கும் 'கல்வி நகரம்' எண்டு ஒரே பேரப் போட்டா நாளைக்கு ஆரும் ரெண்டு சங்கத்தப் பத்தியும் ஒரு கட்டுரை எழுத வெளிக்கிட்டா தலையப் பிச்சுக்கொள்ள வேண்டியதுதான். தமிழில எங்களுக்கு இந்தச் சோடி சும்மா கிடைக்குது: கற்பிக்கும் நகரம், கற்கும் நகரம். இதுக்கு மேல என்ன வேணும்?

பிராந்தியத்துக்கு வந்தா இன்னும் இறுக்கமாப் பொருந்தும். 'லேர்னிங் ரீஜன்' எண்டு 1995ல ரிச்சர்ட் புளோரிடா எழுதினதும், ரெண்டு வருசம் கழிச்சு கெவின் மோர்கன் எழுதினதும் பள்ளிக்கூடத்தப் பத்தி இல்ல, ஒரு பிரதேசத்தில உள்ள கம்பனி, பல்கலைக்கழகம், உள்ளூராட்சி எல்லாம் ஒண்டிட்ட ஒண்டு படிச்சு அந்த இடமே எப்பிடி நிமிருது எண்டதப் பத்தி. படிக்கிறது இடம். ஜேர்மனியில 2001ல அரசாங்கம் தொடங்கின திட்டத்துக்கு 'லேர்னெண்டே ரெகியோனென்' எண்டு பேர், அந்த 'லேர்னெண்டே' எங்கட பெயரெச்சம் மாதிரியேதான், கற்கிற எண்டு அர்த்தம். ஆங்கிலத்தில 'லேர்னிங்' எண்டா தொழிற்பெயரும் அதுதான் எச்சமும் அதுதான், அவன் தப்பிப் போயிடுவான், தமிழில நாங்க ஒண்டத் தெரிஞ்சுதான் ஆகணும்.

> வினைத்தொகையாப் போட்டாச் சுருக்கமா வராதா

வரும், நானும் போட்டுப் பாத்தன். கல் எண்டு பகுதிய எடுத்தா 'கல்நகர்', அது கருங்கல்லாப் போகும். 'படிநகர்' எண்டா வாசல்படி. 'பயில்நகர்' பரவாயில்ல, கேக்கவும் வடிவு, ஆனா எங்கட அரச படிவத்தில எல்லாம் தொழிற்பயிற்சி எடுக்கிற பிள்ளைக்குப் பேர் பயிலுநர், 'பயில்நகர் பயிலுநர்' எண்டு ஒரு வசனம் வந்தா வாசிக்கிறவன் பல்லு உடையும். கலைச்சொல் எண்டா ரெண்டு எழுத்துக் குறையணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல. காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகள் 1936ல சென்னையில சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கின காலத்தில இருந்து எங்கட ஆக்களுக்குச் சொல்லுச் செய்யிற ஆசை இரிக்கி, நல்லதுதான், ஆனா செஞ்ச சொல் வாயில நிக்கணும்.

> எங்கட சனம் கற்கும் எண்டா சொல்லுது? பழகுறது எண்டுதானே சொல்லும். 'பழகு நகரம்' எண்டு வைங்க.

இந்த ஒரு வரி என்னக் கொஞ்ச நாள் நித்திரை கொள்ள விடல்ல. உண்மைதான். படிக்கிறது எண்டா பள்ளிக்கூடம், பழகுறது எண்டா வாழ்நாள். சைக்கிள் பழகுறம், தையல் பழகுறம், கம்பியூட்டர் பழகுறம், கூத்துப் பழகுறம். கூத்தையே எடுங்க, கூத்துப் பழக்குற அண்ணாவியார் சட்டங் குடுப்பார், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும், பிறகு இராவிராவாக் களரியில ஆட்டம் பழக்குவார், சதங்கை அணியிறது, அடுக்குப் பாக்கிறது, கடைசியில அரங்கேற்றம். வயல் வேலை முடிஞ்சு வந்த அம்பது வயசுக்காரரும் ஓ.எல் எழுதின பொடியனும் ஒரே வட்டத்தில நிண்டு ஒரே தருவை, அதான் கூத்துப் பாட்ட, பாடிப் பாடிப் பழகுவாங்க, பக்கத்தில பாய் விரிச்சு இருந்து பாக்கிற கிழவி 'அடி பிழைக்குதுடா' எண்டு சொல்லித் திருத்தும். வயசு கேக்காம, சேட்டிபிக்கட் கேக்காம ஊரே சேந்து படிக்கிறதுக்கு யுனெஸ்கோ குறிப்பு எழுதுறவர் இதவிட நல்ல உதாரணம் எங்க போய்த் தேடுவார்?

ஆனாலும் 'பழகு நகரம்' எனக்கு ஓமில்ல. பழகுறது எண்டா ஆக்களோட நெருங்கிறதும்தான். 'பழகும் நகரம்' எண்டு போட் போட்டா வெளியூர்க்காரன் இங்க நல்லாப் பழகுவாங்க போல, ஹோட்டல் எடுத்துத் தங்கலாம் எண்டு நினைப்பான், உல்லாசப் பிரயாணக்காரன்ர விளம்பரமாப் போயிடும். தலைப்புக்குக் கற்கும் நகரம், வரைவிலக்கணத்தில 'கற்றலும் பழகுதலும்' எண்டு சேத்து எழுதுவம், சொன்னவருக்கு மரியாதையும் ஆச்சு.

மிச்சத்தக் கெதியா முடிக்கிறன். ரீஜனுக்கு வட்டாரம் வேணாம், எங்களுக்கு வட்டாரம் எண்டா உள்ளூராட்சித் தேர்தல் வட்டாரம். பிரதேசம் எண்டா பிரதேச செயலகம், வலயம் எண்டா கல்வி வலயம், மண்டலம் எண்டா வளிமண்டலம். பிராந்தியம்தான் மிச்சம், சுகாதாரத் திணைக்களம் ஏற்கனவே பாவிக்கிறதால ஆருக்கும் புதுசும் இல்ல. மண்முனைப் பற்று, ஏறாவூர்ப் பற்று, கோறளைப் பற்று எண்டு எங்களிட்ட அழகான பழைய சொல் ஒண்டு கிடக்குத்தான், 'கற்கும் பற்று' எண்டு எழுதிப் பாத்தன், படிப்பில ஆசை எண்டு அர்த்தம் வருது, அதுவும் நல்ல அர்த்தம்தான் எண்டு சிரிச்சுப்போட்டு விட்டிட்டன்.

நெட்வேர்க்குக்கு வலையமைப்பு. கூட்டமைப்பு எண்டு ஒராள் எழுதியிரிக்கார், எங்கட ஊரில கூட்டமைப்பு எண்டு சொன்னா தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எண்ட கட்சிதான் நினைவுக்கு வரும், மேயர் மாறினாக் கடிதமும் மாறும். 'ஒப்சர்வேற்றரி' எண்டும் ஒரு சொல் மிச்சம் கிடக்கு. பஸ்கால் எண்டு ஒரு சர்வதேச அமைப்பு, 2002ல தொடங்கினது, கிளாஸ்கோ பல்கலைக்கழகம், மெல்பேர்ணில உள்ள ஆர்.எம்.ஐ.டி பல்கலைக்கழக ஆக்களெல்லாம் சேந்து நடத்தினது, இட முகாமைத்துவம், சமூக மூலதனம், கற்கும் பிராந்தியம் எண்ட மூண்டையும் ஆராய்ஞ்சு கொள்கை வகுக்கிறவங்களுக்குக் குடுக்கிறது. அது தன்ன 'ஒப்சர்வேற்றரி' எண்டு சொல்லுது. வானத்தப் பாக்கிற நிலையம் எண்டு நினைக்காம இருக்க 'அவதானிப்பு மையம்' எண்டு போடுவம், 'நோக்ககம்' அழகுதான், ஆனா வாசிச்சவர் எல்லாரும் 'நோக்கம்' எண்டு திருத்திப்போட்டுத்தான் அச்சுக்குக் குடுப்பாங்க.

-----

மறு: மறு: மறு:

அண்ணன், ஸலாம். கற்கும் சரி, அதில எனக்கு ஒரு பேச்சும் இல்ல. எனக்குப் பிரச்சினை நகரம். நீங்க மட்டக்களப்பு டவுணுக்குள்ள இருந்து பாக்கிறீங்க. இங்க அக்கரைப்பற்றில மாநகர சபை இரிக்கி, கல்முனையிலயும் இரிக்கி, ஆனா கல்முனையில இருந்து பொத்துவில் மட்டும் கடற்கரையாலயே பஸ்ஸில வந்து பாருங்க, எங்க ஊர் முடியிது எங்க மத்த ஊர் தொடங்குது எண்டு டிரைவருக்கே தெரியாது, பின்னுக்கு முழுக்க வயல். நகரம் எண்டா எங்கட வாப்பாமார் 'அது கொழும்புக்காரன்ர சாமான்' எண்டு எழும்பிப் போயிடுவாங்க. 'கற்கும் ஊர்' எண்டா என்ன குறைஞ்சு போகும்? ஊர் எண்டா சனம் வரும், வராம விடாது.

-----

மறு: மறு: மறு: மறு:

தம்பி, நீ சொல்லுறது நியாயம், நானும் ரெண்டு மனசாத்தான் இருந்தன், பிறகு அந்த யுனெஸ்கோ வலையமைப்பின்ர பட்டியலப் பாத்தன். 2021ல அஞ்சாவது மாநாட்ட நடத்தினது யொன்சு, அது கொரியாவில இஞ்சியோன் மாநகரத்துக்குள்ள ஒரு மாவட்டம், தனி நகரமே இல்ல. 2022ல இந்தியாவில இருந்து சேந்த மூண்டில வாரங்கல், திருச்சூரோட நிலம்பூரும் ஒண்டு, அது மலப்புறத்தில தேக்கங்காட்டுக்குப் பக்கத்தில உள்ள சின்ன நகராட்சி, கல்முனை அதவிடப் பெரிசு. மெல்பேர்ணில ஹியூம் மாநகர சபை தன்ர திட்டத்துக்கு 'வில்லேஜ்' எண்டே பேர் வச்சது. அதால ஆங்கிலத்தில 'சிட்டி' எண்டது அந்த அளவுக்கு இறுக்கமில்ல, விண்ணப்பிக்க உள்ளூராட்சி ஒண்டு இருந்தாச் சரி.

இப்பிடிச் செய்வம். சொற்தொகுதியில, கடிதத்தில, யுனெஸ்கோ பேரில எல்லாம் 'கற்கும் நகரம்', ஏனெண்டா மாநகர சபை, நகர சபை, நகர அபிவிருத்தி எண்டு சட்டத்தில உள்ள சொல்லோட அது ஒட்டும், ஆணையாளர் தப்ப ஏலாது. சனத்துக்குக் குடுக்கிற துண்டுப்பிரசுரத்தில, நோட்டீஸ்ல, ஊர்க் கூட்டத்தில 'கற்கும் ஊர்'. அயர்லாந்தில கோர்க் நகரம் 2004ல இருந்து வருசா வருசம் வாழ்நாள் கற்றல் விழா நடத்துது, பிறகு நகரத்துக்குள்ளயே சின்னச் சின்னப் பகுதியப் பிரிச்சு 'லேர்னிங் நெய்பர்ஹுட்' எண்டும் தொடங்கினது, அதுக்கு நான் 'கற்கும் அயல்' எண்டு போட்டிரிக்கன், உன்ர ஊர் அந்த அயலுக்கும் நகரத்துக்கும் நடுவில வடிவாக் குந்தும்.

அக்கரைப்பற்றில ஆராவது சிங்களமும் தெரிஞ்ச மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர் இருந்தா இந்த நாலஞ்சு சொல்லையும் ஒருக்காக் காட்டு, சிங்களத்தில அவங்க 'அத்தியாபன' எண்டு போட்டுட்டா எங்கட தமிழும் இழுபட்டுக் கல்வி நகரமாத்தான் பெனருக்கு வரும், அதுக்கு முதல் பிடிக்கணும்.