1944 படத்துக்கு இன்னும் காப்பிரைட் கிளெய்ம் வருமா?

கேள்வி:
வணக்கம். எம்.கே. தியாகராஜ பாகவதரின் நடிப்பைப் பற்றி யூடியூபில் ஒரு வீடியோ போட்டேன். 'ஹரிதாஸ்' படத்திலிருந்து சில காட்சிகளும், 'மன்மத லீலையை' பாட்டு முழுவதும் அதில் வருகிறது. மறுநாளே ஒரு நிறுவனத்திடமிருந்து கிளெய்ம் (உரிமை கோரல்). அமெரிக்காவில் வீடியோ ஓடவே இல்லை, இங்கே விளம்பரப் பணம் அவர்களுக்குப் போகிறது. 1944 தீபாவளிக்கு வந்த படம், 60 வருடம் எப்போதோ தாண்டிவிட்டதே! டிஸ்ப்யூட் (எதிர்ப்பு) போட்டால் சேனலுக்கு ஸ்ட்ரைக் (காப்பிரைட் மீறல் எச்சரிக்கை) விழுமா?

பதில் 1:
படத்தைப் பொறுத்தவரை உங்கள் கணக்கு சரிதான். 1957 காப்பிரைட் சட்டம், பிரிவு 26: வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. முதலில் 50தான் இருந்தது, 1992 திருத்தத்தில் கூட்டினார்கள். ஆக 2004 டிசம்பரோடு முடிந்தது. ஒலிப்பதிவுக்கும் 60தான்.

மாட்டியது பாட்டில். வரிகள் பாபநாசம் சிவனுடையவை. வரிகளுக்குப் படம் வந்த தேதி கணக்கில்லை, எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டு. அவர் காலமானது 1973. 2033 முடியும்வரை அந்த உரிமை யாரோ ஒருவர் கையில் இருக்கும். பழைய படம் போடுகிற பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பதில் 2:
அமெரிக்கா தனிக் கதை சார். 1996 ஜனவரி 1 அன்று சொந்த நாட்டில் உரிமை உயிரோடு இருந்த வெளிநாட்டுப் படங்களுக்கு அங்கே உரிமையைத் திரும்பக் கொடுத்தார்கள். இந்தப் படத்துக்கு அன்று இங்கே உரிமை இருந்தது. அங்கே 95 ஆண்டு, அதாவது 2039 கடைசிவரை. அங்கே மட்டும் முடக்கியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கேட்டவர்:
நன்றி. பாட்டை 30 விநாடிக்குக் குறைத்தால் போதுமா? அதுவரை பரவாயில்லை என்கிறார்களே.

பதில் 1:
சட்டத்தில் விநாடிக் கணக்கே கிடையாது. பிரிவு 52 விமர்சனத்துக்கு இடம் கொடுக்கிறது, ஆனால் விமர்சனம் உண்மையிலேயே இருக்க வேண்டும். பாட்டை முழுசாக ஓடவிட்டு நீங்கள் சும்மா இருந்தால் அது விமர்சனம் ஆகாது. பல்லவியில் பாகவதர் கண்ணைச் சுழற்றுவதைப் பற்றிப் பேசுகிறீர்களா, அந்த வரியை மட்டும் காட்டி நிறுத்திப் பேசுங்கள்.

டிஸ்ப்யூட் போட்டதாலேயே ஸ்ட்ரைக் விழாது. அவர்கள் வீடியோவை நீக்கச் சொல்லி முறைப்படி கேட்டால்தான் விழும். முதலில் கிளெய்ம் எந்த நிமிடத்தில், ஒலிக்கா படத்துக்கா என்று பாருங்கள். பாட்டுக்கு என்றால் வெட்டிவிடுங்கள். வெறும் வசனக் காட்சிக்கு என்றால் வெளியான ஆண்டையும் பிரிவு 26-ஐயும் எழுதி இங்குள்ள கிளெய்மைத் தைரியமாக எதிருங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் உண்டு.