கடலூரில் ஒன்றாம் நம்பர் கூண்டு, தேவ்ராலியில் பனி

அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போய்வந்தவர்கள் விடியலில் பொன்னாக ஜொலிக்கும் மலையைக் காட்டுவார்கள். என்னிடம் அந்தப் படம் இல்லை. 4,130 மீட்டர் ஏறக் கிளம்பி, 3,230 மீட்டரிலேயே திரும்பியவன் நான்.

அக்டோபர் கடைசி. நானும் மைத்துனனும் போக்ராவிலிருந்து புறப்பட்டோம். "அந்த மாசம் ஒரு சொட்டு மழை விழாது சார்" என்று ஏற்பாடு செய்தவர் சத்தியம் பண்ணாத குறைதான். சோம்ரோங் வரை அவர் சொன்னபடியே வெயில். கைடு குரூங் இனத்தவர், வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று அழைக்க வேண்டும். மீசை வைத்த ஆளை "தாய், தாய்" என்று கூப்பிட்டு மைத்துனன் முதல் நாள் முழுக்கச் சிரித்தான்.

சினுவாவைத் தாண்டினால் இறைச்சி கிடையாது. மேலே இருப்பது தெய்வத்தின் இடம் என்று ஊர்க்காரர்கள் வைத்த கட்டுப்பாடு. பருப்பும் சோறும்தான், கேட்கக் கேட்கப் போடுகிறார்கள். டோபான் கிட்டத்தட்ட நம் தொட்டபெட்டா உயரம். அங்கேதான் மழை பிடித்தது. பைக்கு மேல் போடும் மழை உறையெல்லாம் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. துணிகளைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி உள்ளே வைத்திருந்ததால் நான் தப்பித்தேன். மைத்துனனின் ஸ்லீப்பிங் பேக்கைப் பிழிந்திருந்தால் ஒரு குடம் நிறைந்திருக்கும்.

'ஹிமாலயா' என்றே பெயர் கொண்ட ஊரைத் தாண்டியதும் மழை வெள்ளையாக மாறியது. அப்புறம் ஹிங்கு குகை. அங்கிருந்து தேவ்ராலி வரை தாய் எங்களை நிற்கவே விடவில்லை. போட்டோ கிடையாது, தண்ணீர் கிடையாது, நட. ஹியுஞ்சுலி சிகரத்தின் பனிச்சரிவுகள் நேர் மேலே இருக்கின்றன, ஆனால் பாதையிலிருந்து பார்த்தால் பாறைச் சுவர் மட்டும்தான் தெரியும். பனி புறப்பட்டுவிட்டது என்பது தலைக்கு மேல் வந்தபிறகுதான் தெரியவரும். 2020 ஜனவரியில் நான்கு தென்கொரியர்களும் மூன்று நேபாளிகளும் புதைந்தது இந்த வட்டாரத்தில்தான்.

தேவ்ராலி லாட்ஜில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக் கம்பளி தொங்கும், உள்ளே அடுப்பு. எல்லோருடைய சாக்ஸும் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வாடையோடுதான் பூண்டு சூப். வைஃபை கிடைத்ததும் அம்மாவை அழைத்தேன்.

"துறைமுகத்துல ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்கடா. ஆனா புயல் ஆந்திரா பக்கம் போயிடுதாம். நமக்கு ஒண்ணும் இல்ல."

அப்பாடா என்றுதான் எனக்கும் இருந்தது. என் அரைகுறை இந்தியில் அதைத் தாயிடம் சொன்னேன். அவர் "ஆந்திராவா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, 2014-ஐப் பற்றிச் சொன்னார். அந்த அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் மிச்ச ஈரம் வடக்கே ஏறி, இரண்டே நாளில் இதே மலைத்தொடரின் மறுபக்கம் தோரோங் கணவாயில் பனியாகக் கொட்டியது. அந்த வட்டாரத்தில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். கூண்டு நம்பரைப் பார்த்தே வளர்ந்தவன் நான். புயல் ஆந்திராவில் கரையேறிவிட்டால் கதை முடிந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

தாய் என் கைத்தடியை வாசலில் குத்தி நிறுத்தினார். இரவு ஏழு மணிக்குப் பனி நுனி வளையத்தை மூடியிருந்தது. காலையில் பாதித் தடியைக் காணோம். நடுவில் ஒரு தரம், எங்கோ தேர் நகர்வது போல ஒரு உறுமல். படுத்திருந்த பலகை அதிர்ந்தது. யாரும் எதுவும் பேசவில்லை.

விடிந்ததும் ஆறு பேர் கொண்ட ஒரு குழு மேலே கிளம்பியது.

"மாமா, அவங்கல்லாம் போறாங்க. நாம மட்டும் கம்பளிக்குள்ள காலை விட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"தாய் சொல்லட்டும் மாப்ளே."

தாய் எதுவும் சொல்லாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்தில் அந்த ஆறு பேரும் திரும்பி வந்தார்கள், இடுப்பு வரை நனைந்து. மைத்துனன் இன்னொரு தட்டு சோறு கேட்டான்.

இறங்குவதற்கும் அதே சரிவைத்தான் கடக்க வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் ஒரு ராத்திரி அங்கேயே கிடந்தோம். பனி நின்று, மறுநாள் வெயில் பட்டுச் சரிவு இளகுவதற்கு முன், இருட்டிலேயே தலைவிளக்கோடு தாண்டினோம். பேஸ் கேம்புக்கு இன்னொரு முயற்சி செய்ய எங்களிடம் நாள் இல்லை. கையில் இரண்டு நாள் உபரி வைத்துக்கொள்ளாமல் திரும்பும் டிக்கெட்டைப் போட்டது என் தப்பு. யாரையும் குறை சொல்ல முடியாது.

கிளம்புவதற்கு முன் மைத்துனன் ஒரு வேலை பார்த்திருந்தான். லாட்ஜ் சுவரில் பேஸ் கேம்ப் பெயர்ப்பலகையின் பெரிய போஸ்டர் ஒட்டியிருந்தது. அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். கல்யாண வீடுகளில் இன்றும் அதைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறான். போஸ்டரின் ஓரத்தில் ஒரு சுவிட்ச் போர்டு தெரிகிறது. இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை.